எருமையின் காது

ஆவணி 9, செவ்வாய்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பதினோரு விடியற்காலை உட்கார்ந்து நான் வரைந்த எருமைப் படம் இன்று அம்பத்தூர் கண்காட்சியில் தொங்கியது. கீழே சேகரின் கையெழுத்து.

ஆயில் பெயின்ட் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். எங்கள் குவார்ட்டர்ஸில் டர்பன்டைன் வாடை யாருக்கும் ஆகாது. அதனால்தான் அவன் வீட்டு மாடி ரூமில் காய வைத்தேன். காயாத படத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இருபது வருஷமாக என்கூட உட்கார்ந்து வரைகிறவன், அவனுக்கு இது தெரியும்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பேர் இல்லாத படத்த மாட்ட மாட்டேன்னுட்டாங்க மச்சான். இதுக்குப் போய் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற?"

என் பேரைப் போட வேண்டியதுதானே என்றேன்.

அதற்குள் ஒரு பெண் வந்து, எருமைக்குக் காது ஏன் கிழிந்திருக்கிறது என்று அவனைக் கேட்டாள். முள்கம்பியில் மாட்டிக் கிழிந்ததாம். இவன் கண்ணால் பார்த்தானாம். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த எருமைக்குக் காது கிழியவே இல்லை. அன்றைக்கு என் பிரஷ் வழுக்கிவிட்டது. காய்ந்ததும் சரிபண்ணலாம் என்று விட்டிருந்தேன்.

இனி அதைச் சரிபண்ணவும் அவனைத்தான் கேட்க வேண்டும்.