அவர் இறங்காத கடல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நீச்சல் குளத்துக்கு விடுமுறை. குளிக்க வருகிறவர்களுக்குத்தான், எனக்கு இல்லை. உடை மாற்றும் ஏழு அறைகளையும் கழுவி முடித்ததும் டைவிங் டீச்சர் என்னை ஆழமான பக்கம் இறக்கினார். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய். முகமூடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, அதை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். நாலு மாதமாக வராதது இன்று வந்தது.

மேலே வந்ததும், "அக்கா, இனிமே இந்தத் தொட்டியில சொல்லித்தர ஒண்ணும் இல்ல. கடலுக்குக் கிளம்பலாம். நானும் கூட வரேன்" என்றார். பிள்ளை வயசு, ஆனால் டீச்சர் டீச்சர்தான்.

கடல் என்றால் அந்தத் தீவுதான். வேறு எங்கே போவேன்?

பிப்ரவரி 4

நாத்தனாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரருடைய தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறாள்.

"ஏன் அண்ணி, தலையில ஒரு செம்பு தண்ணி ஊத்துனாலே மூச்சு முட்டுதுன்னு கத்துற ஆளு நீங்க. கடலுக்கு அடியில போறீங்களாக்கும்! அங்க என்ன இருக்கு?"

"உங்க அண்ணன் செஞ்சது இருக்கு."

போகும்போது வாசலில் நின்று, "தனியா விட மாட்டேன். நானும் வருவேன். ஆனா கழுத்தப் பிடிச்சுத் தள்ளுனாலும் தண்ணியில இறங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் அந்தத் தீவில் இரண்டு மாதம் வேலை பார்த்தார். அங்கே பவளப்பாறை செத்துப்போய்விட்டதாம். மறுபடி வளர்வதற்குப் பிடிமானமாக இரும்புக் கூண்டுகள் செய்து கடலுக்குள் இறக்கினார்கள். நாற்பது கூண்டு. அத்தனையும் அவர் வெல்டிங். ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் நின்று ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்ததோடு சரி. "கீழ போய் நேரா நிக்குதோ, கோணலா கிடக்குதோ, யாரு கண்டா?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

போன ஜூனில் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி அரை மணி நேரம்தான்.

அக்டோபரில் நான் தண்ணீரில் இறங்கினேன்.

பிப்ரவரி 8

நாத்தனாரும் நானும் டிக்கெட் கடைக்குப் போனோம். கப்பல் வாரத்துக்கு ஒன்று. பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் சனிக்கிழமையும் புதன்கிழமையும். கடைக்காரர், "கப்பல் ரொம்ப ஆட்டும்மா. போக வர ரெண்டுமே விமானத்துல போட்டுடவா?" என்றார்.

போகும்போது கப்பல்தான் என்றேன். அவர் அப்படித்தான் போனார், வெல்டிங் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அவர் போன மாதிரியே போக வேண்டும்.

திட்டத்தை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மார்ச் 13 வியாழன் சாயங்காலம் கப்பல். வெள்ளி காலை தீவு. வெள்ளி மதியம் ஒரு முறை, சனி காலை ஒரு முறை கடலில் இறங்குவது. சனி மதியம் விமானம். ஞாயிறு வேலைக்கு வந்துவிடலாம். மேனேஜர் இரண்டு நாள் விடுப்புக்குத் தலையாட்டிவிட்டார்.

இத்தனை பெரிய பயணத்தை நான் போட்டேன். ஏழாவது வரை படித்தவள்.

பிப்ரவரி 12

தீவில் படகும் தங்க அறையும் வைத்திருப்பவரிடம் போனில் பேசினேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். தண்ணீருக்குள் மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியை நானே கொண்டு வரவா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தாயே, அது இங்க மலை மாதிரி கிடக்கு. ஈயத்தத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையாதீங்க!"

அப்புறம், யார் வீட்டம்மா என்று தெரிந்ததும் குரலே மாறிவிட்டது. "வெல்டர் சம்சாரமா? ஆளு எப்படி இருக்கார்? கூட வர்றாரா?"

தீவுக்காரருக்கு விஷயம் தெரியாது. நான் சொன்னேன். அங்கே காற்று இரைச்சல், கேட்கவில்லை. "என்னம்மா? என்ன சொன்னீங்க?"

இரண்டாவது முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 20

டீச்சர் வீட்டுக்கு வந்தார். அலமாரிக் கதவைப் படித்தார். முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, சனிக்கிழமை காலையில தண்ணிக்குள்ள போய்ட்டு மதியமே விமானம் ஏறுறீங்களா? கூடவே கூடாது. ஒரு நாள் முழுசா ஆகணும். உடம்புல சேர்ந்த காத்து, விமானம் மேல போனா குமிழி குமிழியா கிளம்பும். ஆளையே முடக்கிடும். நீங்க தேதி சொன்னப்பவே நேரத்தக் கேக்காம விட்டுட்டேன், என் தப்பு."

அவர் தப்பு இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். நான்தான் பஸ் மாறுகிற மாதிரி போட்டுவிட்டேன். சனிக்கிழமையை விட்டால் புதன்தான் விமானம், அவ்வளவு நாள் விடுப்பு கிடையாது. வெள்ளி மதியம் இறங்கினாலும் நேரம் போதாது. அப்போ என்ன, அவ்வளவு தூரம் போய்க் கரையில உக்காந்துட்டு வர்றதா? மே மாசம் கடல் கெட்டுடும், அப்புறம் எப்போ? எனக்கு எதுக்கு இதெல்லாம்? கழுவுனோமா வந்தோமான்னு இருந்திருக்கலாம் — ஏங்க, நீங்க இருந்திருந்தா —

போதும்.

பிப்ரவரி 21

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. திருப்பிப் போட்டால் என்ன?

சனிக்கிழமை விமானத்தில் போவது. ஞாயிறு கடலில் இறங்குவது. திங்கள் சாயங்காலம் அதே கப்பல் திரும்புகிறது, அதில் ஏறுவது. கப்பலுக்கு எந்தத் தடையும் இல்லை. செவ்வாய் காலை வந்துவிடலாம்.

டீச்சருக்கு போன் போட்டேன். "அக்கா! இத நான்ல யோசிச்சிருக்கணும்!" என்றார்.

அவர் போன வழியில் போக முடியாது, அது ஒன்றுதான் உறுத்தியது. பிறகு நினைத்துப் பார்த்தேன். அதே கப்பலில்தானே அவர் வீட்டுக்குத் திரும்பியும் வந்தார்? கறுத்துப்போய், தாடியோடு, வாசற்படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு. இத்தனை நாளும் போன வழியையே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 22

திங்கள், செவ்வாய் விடுப்புக் கேட்டு மேனேஜர் முன்னால் நின்றேன். திங்கள்தான் பெரிய கழுவல். பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "செவ்வாய்க்கிழமையும் மூடிடலாம், கழுவல வந்ததும் வச்சுக்கங்க. பராமரிப்புன்னு போர்டு மாட்டிக்கலாம். வருசம் பூரா பராமரிக்கிறது நீங்கதானே" என்றார்.

மார்ச் 4

கடலில் இறங்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரத்த அழுத்தம் என்னைவிட ஒழுங்கு.

மார்ச் 15, சனி, தீவு

குட்டி விமானத்தில் பையை மட்டும் இல்லை, ஆளையும் எடை போடுகிறார்கள். நாத்தனார் தராசில் ஏறி, "தம்பி, நம்பர மனசுக்குள்ள படிங்க" என்றாள். அவன் சத்தமாகப் படித்தான். அவனை முறைத்துக்கொண்டே போய் விமானத்தில் ஏறினாள். அது எழும்பியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்தேன்.

எப்படி எழுதுவது? ஐந்து மீட்டர்தான் ஆழம். டீச்சர் ஒரு பக்கம் கையைப் பிடித்திருந்தார், தீவுக்காரர் மறுபக்கம். முதலில் நிழல் மாதிரி ஒரு வரிசை. கிட்டப் போனதும் கூண்டுகள். நேராக நிற்கின்றன. மூன்று மட்டும் சாய்ந்திருந்தன. புயலில் சாய்ந்தவை என்று பிறகு தீவுக்காரர் சொன்னார்.

அவர் பற்றவைத்த இடங்களைத் தேடினேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றின்மேலும் பவளம் ஏறிவிட்டது — மஞ்சள், ஊதா, விரல் விரலாக. சின்ன மீன்கள் கூண்டுக்குள் போவதும் வருவதுமாக, வாடகைக்குக் குடிவந்த மாதிரி. முகமூடிக்குள் அழுதேன். மூக்கால் ஊதினேன், சரியாகிவிட்டது.

தீவுக்காரர் ஒரு சின்னப் பிரஷ்ஷை எடுத்துக் கம்பியில் பாசியைத் தேய்த்துக் காட்டினார். விட்டால் அது குட்டிப் பவளத்தை மூச்சுத்திணற வைத்துவிடுமாம். என் கையில் கொடுத்தார். பவளம் ஏறாமல் காலியாக இருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். பவளத்தில் படாமல், ஓரம் ஓரமாக. டீச்சர் மேலே போகலாம் என்று இரண்டு முறை கட்டைவிரலைக் காட்ட வேண்டியிருந்தது.

படகில் ஏறியதும் தீவுக்காரர் சொன்னார்: "படிச்ச பசங்கள்லாம் வர்றாங்கம்மா. போட்டோ எடுப்பாங்க, பத்து நிமிசம் தேய்ப்பாங்க, ஓடிடுவாங்க. இந்த மாதிரி மூலை முடுக்கு விடாம தேய்ச்ச ஆள நான் பார்த்ததில்ல."

நாத்தனார் கரையில் நின்று கத்தினாள். "என்ன அண்ணி, நேரா நிக்குதா?"

"நிக்குதுடி."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 17, கப்பலில்

நன்றாகத்தான் ஆட்டுகிறது. நாத்தனார் படுத்துவிட்டாள். எனக்குப் பசிக்கிறது.

மார்ச் 29

தீவுக்காரர் போன் செய்தார். முப்பத்தேழு கூண்டுதான் நிற்கிறது, அதையும் தேய்க்க ஆள் போதவில்லை, ஏப்ரலில் பதினைந்து நாள் வர முடியுமா, இடமும் சாப்பாடும் தன் பொறுப்பு என்றார். சாய்ந்த மூன்றையும் அதற்குள் நிமிர்த்துகிறார்களாம்.

மேனேஜரிடம் படிவம் வாங்கினேன். விடுப்புக்கான காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'அங்கே வேலை இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.