மூன்றாவது ஒயர்

சீனியம்மா,

நம் மகள் செல்வியின் கல்யாணக் கேசட் வந்துவிட்டது. வீடியோ டெக்கில் போட்டு வைத்திருக்கிறேன்; பொத்தானை அமுக்கினால் போதும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வீடியோக்காரரிடம் இன்னொரு பிரதிக்குச் சொல்லிவிட்டு வாரேன். சோறு வடித்தாகிவிட்டது. என் ரசத்தின் மணத்துக்குத் தேவதானத்திலிருந்து ஆள் வந்தாலும் கதவைத் திறக்காதே.

டெக்கிலிருந்து ஒயர் வழியாக மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் படம் போகும். மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தங்கபாயின் ஒயர், ஆணியில் தொங்குகிறது. கல்யாணப் பந்தியில் பாயசம் தண்ணீர் என்று அவள் சொன்னதற்கு, "அவ வீட்டு ஒயரப் புடுங்குங்க!" என்றாய். பிடுங்கினேன். மூன்றே நாளில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள், சத்தியம். நீ முக்கால்வாசி. முன்பெல்லாம் சிரிப்புக் காட்சி வந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சிரிப்பீர்கள், நடுச்சுவரே அதிரும். இப்போது பல்லிச் சத்தம்தான் கேட்கிறது.

கேசட்டை நான் பார்த்துவிட்டேன். தாலி கட்டும்போது நீ அழுகிறாய். உன் கண்ணைத் துடைப்பது தங்கபாயின் முந்தானை.

ஒயரை நான் சொருகமாட்டேன். அது உன் கையில்தான் இருக்கிறது.

சுயம்பு

பின்குறிப்பு: நாலு மணிக்கு நீ சொருகுவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போதே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் அடுப்பில் உனக்குப் பாயசம் கொதிக்கிறது. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற அளவுக்குக் கெட்டி.