மரத்தலைக்குப் பொருந்திய பளிங்குக்கண்

மழை முறை பிழையாதிருக்க. ஏழ் சுனையும் வற்றாதிருக்க. எழுதுவோன் கையும் கேட்போர் செவியும் நடுநிலை வழுவாதிருக்க.

ஏழ்சுனை நாட்டுக்கும் அதன் கழிமுகங்கள் ஐந்துக்கும் உரியவரும், வெண்கரட்டு மலைமேல் வீற்றிருந்து குடை நிழற்றுபவரும், பகைவர்க்கு இடியும் குடிகளுக்கு மழையும் ஆனவருமாகிய முகிலேந்தி மாதேவியாரின் திருவுள்ளப்படி, திருவோலை எழுதும் கூத்தன் வழுதி எழுதிய ஓலை. வெண்கரட்டுப் படைக்கலச் சாலையின் கண்காணியாகிய குன்றவதரையர் காண்க.

உமது தகுதியுடையோர்க்கு ஏழு வாழ்த்து எழுதுவது எங்கள் வழக்கம். அவற்றுள் ஆறை நிறுத்தி வைக்கும்படி தேவியார் பணித்தார். ‘உமது இரு கண்ணும் நலமாக’ என்னும் ஏழாவதை மட்டும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அதை வாழ்த்தென்று எண்ணி மகிழ வேண்டா.

இவ்வோலை அரண்மனையில் எழுதப்படவில்லை. தென்கோடிக் கழிக்கோட்டையில், அலையாத்திக் காட்டின் ஓரத்தில், முழங்கால்வரை சேறு பூசிய கோலத்தோடு தேவியார் அமர்ந்திருக்கிறார். அவர் முகம் சிவந்திருக்கிறது; பாதி வெயிலால், மீதி உம்மால். நடந்தது உமக்குத் தெரிந்ததே ஆயினும், இவ்வோலை பேரவையிலும் படிக்கப்பட இருப்பதால் முதலிலிருந்தே எழுதுமாறு ஆணை.

ஆவணிதோறும் இக்கோட்டை வீரர் நானூற்றுவர் இரண்டு அணியாகப் பிரிந்து மூன்று நாள் நிழற்போர் ஆடுவர். விசைவைத்த மூங்கிற்குழலில் கொண்டைக்கடலை அளவு சுட்ட களிமண் குண்டுகளை இட்டு எய்வர். மேனியில் பட்டால் வலிக்கும், தடிக்கும், இரண்டு நாளில் ஆறும். கண்ணில் பட்டால் ஆறாது. அதனால் கண்காப்பு அணியாதவர் களத்தில் இறங்கலாகாது, இறங்கியவர் அதை அகற்றலாகாது என்பது விதி. குண்டு பட்டவர் தாமே வலக்கையை உயர்த்திப் ‘பட்டேன்’ என்று கூவி வெளியேற வேண்டும். அதை ஏற்று எதிரணியார் குழலைத் தாழ்த்துவர். யாரும் வந்து சோதிப்பதில்லை. பட்டதை மறைப்பவனும், படாமலே பட்டேன் என்பவனும் இந்நாட்டில் ஒரே தட்டில் வைத்து இகழப்படுவார்கள். அந்த ஒரு சொல்லில்தான் இந்த ஆட்டமே நிற்கிறது.

முன்பு பித்தளைக் கம்பிவலையால் ஆன கண்காப்பு இருந்தது. ஈராண்டுக்கு முன் குண்டொன்று வலையில் மோதி உடைந்து, அதன் சில்லு உள்ளே புகுந்து ஒருத்தியின் இமையைக் கிழித்தது. ஆகவே, சில்லும் புகாத ஒன்றைத் தேர்ந்து தருமாறு உமக்கு ஆணை வந்தது. நீர் பளிங்கைத் தேர்ந்தீர். அதில் தவறில்லை. அதன் விளிம்பைத் தோலாலும் தேன்மெழுகாலும் காற்றுப் புகாமல் அடைத்தீர். பலாமரத்தில் ஒரு தலை செதுக்கி, அதற்கு மாட்டி, பங்குனி மாதத்தில், ஒரு நாழிகையில் வடகம் காய்ந்துவிடும் மலைமேல் மண்டபத்தில் வைத்து, பத்தடி தொலைவிலிருந்து முப்பது குண்டு எய்து பார்த்தீர். கீறலும் விழவில்லை. தேவியார் தாமே அதை வாங்கி அணிந்து எதிர்மலையைப் பார்த்து, தெளிவாயிருக்கிறது என்று மகிழ்ந்து, இசைவு முத்திரை இட்டார். இதை உமது விளக்க ஓலையில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர். மூன்று இடத்தையும் தேவியார் விரல் வைத்துப் படித்தார். மறுக்கவில்லை.

ஆனால் குன்றவதரையரே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆவணியில் இக்கழிமுகத்தில் காற்று அசையாது. உலர்த்திய துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். சாடியில் வைத்த உப்பு நீராகும். இங்கே ஒருவன் சேற்றில் ஓடிப் பதுங்கினால், அவன் மூச்சும் வியர்வையும் அந்த அடைத்த பளிங்குக்குள் ஆவியாய்ப் படிந்துவிடும். எதிரே ஆள் இருக்கிறானா ஆலமரம் இருக்கிறதா என்று தெரியாது. இது ஆடி மாதப் பயிற்சியின்போதே தெரிந்து உமக்கு அறிவிக்கப்பட்டது. விளிம்பில் காற்றுக்கு வழி விடுமாறு கோட்டைத் தலைவர் பணிந்து எழுதிய ஓலைக்கு நீர் அனுப்பிய மறுமொழி இங்கே பத்திரமாக இருக்கிறது. ‘பளிங்கில் குறையில்லை, வீரர்கள் மூச்சைக் குறைத்து விடுவார்களாக’ என்பது அது.

அதைப் படித்துக் காட்டியபோது தேவியார் எழுந்து நின்றார். மீண்டும் படி என்றார். இருபது ஆண்டாக அரசாணை படிக்கும் நான் சொல் சொல்லாக மீண்டும் படித்தேன். மூச்சைக் குறைப்பதாம்! அரிசியைக் குறைக்கச் சொன்ன அதிகாரியைக் கண்டிருக்கிறேன். மூச்சைக் குறைக்கச் சொன்னவரை இப்போதுதான் காண்கிறேன்.

கோட்டைப் படையின் மூன்றாம் வரிசையைச் சேர்ந்த எயினன் முப்பத்திரண்டு வயதினன். கழியில் வலை வீசும் குடியினன். எட்டு ஆண்டாக நிழற்போரில் அவன் சொல்லை எவரும் ஐயுற்றதில்லை. இரண்டாம் நாள் உச்சிவேளையில் அவன் அலையாத்தி வேர்களுக்கிடையே பதுங்கியிருந்தான். இரண்டு பளிங்கும் வெளுத்துவிட்டன. தன் கையே தனக்குத் தெரியவில்லை. எய்யலாம் என்றால், அருகில் நிற்பவர் முகத்தில் படுமோ என்று அச்சம். களத்தைவிட்டுப் போகலாம் என்றால், ‘பட்டேன்’ என்று கூவ வேண்டும். படாமல் கூவினால் அது பொய். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பொறுத்தான். பிறகு கண்காப்பின் கீழ்விளிம்பை ஒரு விரற்கடை தூக்கி மேலாடையால் துடைத்தான். அந்நேரம் பார்த்து வந்த குண்டு இடக்கண்ணில் பாய்ந்தது.

கண் போயிற்று. போன அந்த நொடியில், முகத்தில் குருதி வழிய, அவன் வலக்கையை உயர்த்திப் ‘பட்டேன்’ என்று கூவினான். எவர் தோளையும் பற்றாமல் தானே நடந்து வெளியே வந்தான்.

அவனுக்கு நீர் அனுப்பிய தீர்ப்பு இது: கண்காப்பை அகற்றியதால் விதி மீறினான், அவன் புண் விழுப்புண் ஆகாது, வரும் முழுநிலவுக்குள் அவன் பெயரைப் படைப்பட்டியலிலிருந்து சுரண்டி நீக்குக. சுரண்டப்பட்டவன் இந்நாட்டில் படைக்கலம் தொடலாகாது, அவன் மக்களும் தொடலாகாது என்பதை அறிந்தே எழுதினீர். முழுநிலவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீரோ கூடத்தையே கோணலாகக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆடியவளின் காலை வெட்டச் சொல்கிறீர்.

தேவியார் முன்னறிவிப்பின்றி இங்கு வந்து எயினனை அழைத்துக் கேட்டார். அவன் சொல்லை மெருகிடாமல் எழுதுமாறு ஆணையாதலால் அப்படியே எழுதுகிறேன். “கண்ணு போனது போவட்டும் தாயே. தூக்குனது ஒரு விரக்கட, அது நெசம், இல்லேங்கல. ஆனா நான் ஏமாத்துனேன்னு மட்டும் ஏட்டுல இருக்கக்கூடாது. எம்புள்ளைங்க படிக்கும்” என்றான்.

அவன் மனைவி சாத்தி பக்கத்தில் நின்றாள். பேசு என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பேசினாள். “மரத்துக்கு மாட்டிப் பாத்தாங்களாமே தாயே? மரம் மூச்சு விடுமா? எங்க வூட்டுக்காரரு விடுவாரு” என்றாள். காவலர் அவளை அடக்க முன்வந்தனர். தேவியார் காவலரை அடக்கினார்.

பின்பு தேவியார் உமது பளிங்குக்கண்ணை வாங்கி அணிந்து, வீரர் ஓடும் வழியே சேற்றில் ஓடி, எயினன் பதுங்கிய அதே வேர்களுக்கிடையே பதுங்கினார். எக்காரணம் கொண்டும் இதைத் தூக்கமாட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டே போனார். இருநூறு எண்ணுவதற்குள் பளிங்கு வெளுத்தது. முந்நூறு எண்ணுவதற்குள் அவர் கை தானாக எழுந்து கன்னம்வரை வந்தது. இதை எழுதுபவன் கண்ணால் கண்டான். பளிங்கைத் தூக்க எழுந்த தன் கையை அப்போதுதான் உணர்ந்தவர்போல் தேவியார் அதை அங்கேயே நிறுத்தினார். அதன்பின் நானூற்றுவர் முன் சென்று அவர் செய்ததை இவ்வோலையின் இறுதியில் எழுதுவேன். முதலில் ஆணையைக் கேளும்.

எயினன் பெயரில் கத்தி படலாகாது. அவன் புண் விழுப்புண்; அவ்வாறே பட்டியலில் பொறிக்கப்படும். இனிக் கண்காப்பைத் தேர்பவர் அதை அணிபவரே. அக்குழுவுக்கு எயினன் தலைவன். முகப்பில் பளிங்கு இருக்கலாம், அது உம்முடைய நல்ல எண்ணம், அதை எடுக்கவில்லை. ஆனால் மேலும் கீழும் காற்று வந்து போக வழி வேண்டும். அவ்வழியில் சில்லும் புகாத நெருக்கமான கம்பிவலை வேண்டும். வியர்வை இறங்காமல் நெற்றியில் துணிப்பட்டை வேண்டும். களம் இறங்குமுன் உட்புறத்தில் பூந்திக்கொட்டை நுரையைத் தடவித் துடைத்துவிட்டால் ஆவி எளிதில் படியாது என்று சாத்தி செய்து காட்டினாள்; இதற்கு ஒரு கொட்டை போதும், மண்டபம் வேண்டா. மரத்தலையில் எய்து பார்த்தது முதற்சோதனை மட்டுமே. மறுசோதனை ஆவணி உச்சியில், இக்கழியில், ஒரு நாழிகை ஓடி வந்த ஆளின் முகத்தில் நடக்க வேண்டும்.

விதியிலும் ஒன்று கூடுகிறது. பார்வை மறைந்தவர் இடக்கையை உயர்த்தி ‘மறைந்தது’ என்று கூவலாம். இரு அணியும் குழலைத் தாழ்த்த வேண்டும். அவர் களத்தைவிட்டு வெளியேறித் துடைத்துக்கொண்டு திரும்பலாம். அதில் இழிவில்லை. இச்சொல் முன்பே இருந்திருந்தால் எயினனுக்கு இரண்டு கண் இருந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம்தான். தேவியார்க்கு அது தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு சினம்.

நீர் முழுநிலவுக்கு முன் இங்கு வந்து சேர வேண்டும். உமது கண்காப்பை, நீர் அடைத்த வண்ணமே அடைத்து அணிந்து, அவ்வேர்களுக்கிடையே ஒரு நாழிகை இருக்க வேண்டும். உம்மீது ஒரு குண்டும் எய்யப்படாது. உமது கைகள் கட்டப்படா. மூச்சை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உமது கை எழாவிட்டால், சாலைக் கண்காணிப் பதவி உமக்கே. எழுந்தால், அந்தக் கையை மேலும் உயர்த்திச் சொல்ல வேண்டிய சொல் எதுவென்று உமக்குத் தெரியும்.

தேவியார் அதைச் சொல்லிவிட்டார். நானூறு வீரர் முன், சேறு வழியும் வலக்கையை உயர்த்தி, இசைவு முத்திரை இட்ட கை இதுவே என்று அறிவித்து, ‘பட்டேன்’ என்று கூவினார். ஒருவரும் அசையவில்லை. அரசியின் சொல்லை எந்த அணி ஏற்பது என்று வழக்கில் இல்லை. அப்போது எயினன், கட்டுப்போட்ட முகத்தோடு முன்வந்து, தன் குழலைத் தாழ்த்தினான். உமக்காகவும் தாழ்த்துவானா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

இது தேவியார் ஆணை. தடுப்பார் இலர், காலம் தாழ்த்துவார் இலர். ஆவணித் திங்கள், கழிக்கோட்டை, கூத்தன் வழுதி எழுத்து.

இங்குள்ள புழுக்கத்தில் அரக்கு சரியாக இறுகவில்லை. ஆகவே எயினன் கண்காப்பின் விளிம்பிலிருந்து சுரண்டிய உமது மெழுகிலேயே முத்திரை இடப்பட்டது. உடைத்துப் படித்தபின் அதை எறிந்துவிட வேண்டா. வரும்போது கொண்டு வாரும். உமது கண்காப்பை அடைக்கத் தேவைப்படும்.