பிரேக் இன்ஸ்பெக்டர் பாறைக்கு ஒரு வண்டி

அக்கா,

என் சாப்பாட்டு மேசை முழுக்கக் கோவளத்து வாசனை. உப்பும் மீனும் ஈர மணலும் கலந்த வாசனை. பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். உப்பை அப்படியே விட்டால் இரண்டு நாளில் பேரிங் இறுகிவிடும். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தில் எண்ணெய் ரேகை விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பரீட்சை முடிவை மட்டும் சொன்னால் போதுமா? எப்படிப் படித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் பேசி வைத்த வண்டியை நான் வாங்கவில்லை.

கோபப்படாமல் கேளுங்கள்.

நமக்குள் பழக்கம் ஆரம்பித்ததே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான். நான் பணி ஓய்வு பெற்ற வருடம் பழைய கார் ஒன்று வாங்கச் சேலையூரில் உங்கள் கடைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கடையை நீங்களே நடத்திக்கொண்டிருந்தீர்கள். வாசலில் நின்ற ஒரு சிவப்புக் காரை நான் சுற்றிச் சுற்றி வந்தேன். இயற்பியல் டீச்சர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்கள் சிரித்தீர்கள். "இன்னா டீச்சர், கலர் பாத்து எடுக்கறதுக்கு இது இன்னா பொடவையா?" என்றீர்கள். பிறகு முக்காட்டை இறுக்கிக்கொண்டு, நடைபாதையில் செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தீர்கள். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்த்தது. அடியிலிருந்தே என்னையும் படுக்கச் சொன்னீர்கள். நான் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள், நடுத்தெருவில் படுப்பதாவது!

"மேல கீறதெல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம் டீச்சர். கீய கீறத மாத்த முடியாது. மாத்த முடியாதத மொதல்ல பாரு." வியாபாரம் செய்ய வேண்டியவரே அந்தச் சிவப்புக் கார் வேண்டாம் என்று என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். மறுவாரம் வேறொன்று கொடுத்தீர்கள். இன்றைக்கும் அதில்தான் கோவளம் போய் வந்தேன்.

அதற்கப்புறம் செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடை. அங்கே ஒரு நாள் கரை வேலைக்குக் கொட்டியிருந்த கருங்கல் குவியலில், முப்பது நாற்பது வயது ஆண்கள் நாலு பேர் ரிமோட்டும் கையுமாக நின்றதைப் பார்த்தோம். முழங்கை நீள ஜீப்புகள் கல்மேல் அங்குலம் அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தன. வேகம் என்பதே கிடையாது. எறும்பு சர்க்கரைக் கட்டியைச் சுற்றிப் பார்ப்பது போல, ஒவ்வொரு சக்கரமும் கல்லைத் தடவிப் பார்த்து மேலே போனது. ராக் கிராலர் என்றார்கள். நான் இரண்டு நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒரு ஜீப்பின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நடை அவ்வளவுதான்.

நாமும் ஒன்று கட்டுவது என்று முடிவானது. ஏதாவது ஒரு வண்டியை அடிப்படையாக வாங்கி, அதை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டும். எந்த வண்டி? அங்கேதான் நான் ஒரு டீச்சர் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தேன். நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, ஆறு வண்டிகளுக்கு மதிப்பெண் பட்டியல் தயாரித்தேன். டயருக்கு நூறு, மோட்டாருக்கு நூறு, பேட்டரிக்கு நூறு, உறுதிக்கு நூறு, அழகுக்கும் நூறு. கூட்டிப் பார்த்து முதல் ரேங்க் எடுத்த வண்டியைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். நீங்கள் நோட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, இது எதில் ஃபெயில் என்று கேட்டீர்கள். எதிலும் இல்லை என்றேன் பெருமையாக. அப்படியானால் நடத்தாத பாடத்தில் ஃபெயிலாக இருக்கும் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பிடிவாதமாக அதையே வாங்கினேன்.

கோவளத்தில், கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டிய பாறைகளுக்கு அதைக் கொண்டுபோனோமே, ஞாபகம் இருக்கிறதா? படகுகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாறை, இடுப்பளவு உயரம். ஏரிக்கரை ஆட்களின் வண்டி ஒன்றுகூட அதில் ஏறியதில்லை. எந்த வண்டி வந்தாலும் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறது என்று நீங்கள்தான் அதற்குப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தீர்கள். நம் முதல் ரேங்க் வண்டி அவருடைய காலடியில் இருந்த சின்னக் கல்லையே தாண்டவில்லை. வயிறு கல்லில் உட்கார்ந்துகொண்டது, நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கருவாடு காயப் போட்டாமாரி கீதும்மா." நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குகிறது. கல்மேல் ஏறும் சக்கரம் மட்டும் மேலே மடங்கிக்கொள்ளும். வயிறு இருந்த உயரத்திலேயே இருக்கும், அதனால் கல்லில் மாட்டும். கிராலருக்கு வேண்டியது காவடி. ஒரே தண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். ஒரு பக்கம் மேலே போனால் தண்டின் நடுவும் சேர்ந்து உயரும், மறு பக்கம் தரையை அழுத்திப் பிடிக்கும். அதைத்தான் உருட்டு ஆக்சில் என்கிறார்கள். டயர், மோட்டார், பாடி எல்லாவற்றையும் மாற்றலாம். தனிக்கை வண்டியைக் காவடி வண்டியாக்குவது புது வண்டி கட்டுவதற்குச் சமம். உங்கள் கணக்கு சரி. என் பட்டியலில் வண்டியின் அடிப்பக்கத்துக்கு ஒரு பாடமே இல்லை.

அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்களிடமே விட்டேன். அதற்குள் ஆஸ்பத்திரி.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. கடைசி வாரத்திலும் நீங்கள் வண்டி தேடுவதை விடவில்லை என்று உங்கள் மகள் ரெஹானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு எலெக்ட்ரீஷியன் பச்சை ஜீப் ஒன்றை விற்பதாகப் படம் அனுப்பியிருந்தாராம். படுக்கையில் இருந்தபடியே அதைப் பெரிதாக்கிப் பார்த்து, இதை விட்டுவிட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல் என்றீர்களாம். அந்த ஆளும் சொன்ன வாக்குக்காக யாருக்கும் விற்காமல் காத்திருந்தார். போன மாதம்தான் எனக்குக் கிளம்பத் தெம்பு வந்தது. ரெஹானாவும் கூட வந்தாள். 'இந்த வயசுல பொம்ம வண்டியா' என்று நம்மைக் கேலி செய்துகொண்டிருந்த அதே ரெஹானாதான். அந்தப் பச்சை ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுபோவது அவளுக்கு இப்போது ஒரு கடமையாகியிருந்தது.

அழகான வண்டி அக்கா. கதவு திறக்கிறது, பின்னால் ஸ்டெப்னி, மேலே கேரியர். மார்க் போட்டால் இதற்கும் முதல் ரேங்க்தான். எலெக்ட்ரீஷியன் அதை மாடி நடைவழியில் வைத்தார். நான் அவரிடம் ஒரு செங்கல்லும் ஒரு பழைய பேப்பரும் கேட்டேன். கையில் தூக்கித் திருப்பிப் பார்த்தால் போதாதா என்றார். போதாது. தூக்கினால் சக்கரம் தொங்கும். பாரம் தாங்கி நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும். முன்சக்கரம் ஒன்றைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டு, பேப்பரை விரித்து, என் முழங்காலைச் சமாதானப்படுத்தி, நடைவழியில் ஒருக்களித்துப் படுத்தேன். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். "இன்னா ஆச்சு, மயக்கமா? தண்ணி தரட்டா?" வண்டி பார்க்கிறேன் என்றேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்.

பச்சை மட்கார்டுக்குப் பின்னால் முன்பக்கம் தனிக்கை. செங்கல்மேல் இருந்த சக்கரம் மட்டும் மடங்கியிருக்கிறது, வயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் கருவாட்டு வண்டியின் அக்காள்.

எனக்குக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரு காரைக்கூட அடியில் படுத்துப் பார்க்காமல் எடுக்காதவர் நீங்கள். படுக்கையை விட்டு எழ முடியாத அந்த நாட்களில், உங்களுக்குக் கிடைத்தது மேலிருந்து எடுத்த ஒரு படம் மட்டும்தான். அதை வைத்து ஆசைப்பட்டிருக்கிறீர்கள்.

படுத்திருந்த இடத்திலிருந்தே, உள்ளே செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே இன்னொன்று தெரிந்தது. பாடி இல்லை, வர்ணம் இல்லை. வெறும் எலும்புக்கூடு, முன்னும் பின்னும் உருட்டு ஆக்சில். அது ஓடும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது என்று விற்பதற்கே கூச்சப்பட்டார் எலெக்ட்ரீஷியன். செங்கல்மேல் ஏற்றிப் பார்த்தேன். ஒரு சக்கரம் ஏறியது, மற்றது இறங்கித் தரையைப் பிடித்தது, வயிறு உயர்ந்தது. காவடி! எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ரெஹானாவின் முகம் மாறிவிட்டது. நீயே வந்து படுத்துப் பார் என்று பேப்பரில் இடம் விட்டேன்.

"நான் பாக்க வேணாம் டீச்சர். அம்மா பாத்தாங்க."

"அம்மா படத்தைத்தாம்மா பாத்தாங்க."

வீடு வரும்வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். எலும்புக்கூடு என் மடியில் இருந்தது. தவறு செய்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது அக்கா. அந்தப் பச்சை வண்டியை வாங்கி ஷோகேஸில் வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நாம் வண்டி தேடியது ஷோகேஸுக்கு அல்லவே. மூன்று வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. நானும் வண்டியைக் கட்டிக்கொண்டே இருந்தேன். மெதுவாகச் சுற்றும் மோட்டார், மெத்தென்ற டயர், தகர டப்பாவை வெட்டிச் செய்த ஒரு வயிற்றுத் தகடு.

இன்று காலை கிளம்பும்போது வாசலில் ரெஹானா நிற்கிறாள். "நான் சும்மா கடல் பாக்க வரேன்" என்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அப்படியே இருந்தார். ஏரிக்கரை ஆட்கள் வந்திருந்தார்கள், வலைக்காரரும் இருந்தார். முதல் தடவை பாதியில் வழுக்கியது. இரண்டாம் தடவை முக்கால்வாசி போய், பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தது. கீழே நிற்கிற எனக்குப் பாறையின் அந்தப் பக்கம் தெரியவில்லை. எந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஊகித்துத்தான் ஓட்ட வேண்டும். மூன்றாம் தடவை அதே முக்கால்வாசியில் நின்றது.

அப்போது பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நெருக்கடியான சந்தில் காரைப் பின்னால் எடுக்கும்போது வழி சொல்கிற குரல். "லெஃப்ட்ல ஒடிங்க டீச்சர்... ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதும், போதும். அப்டியே வாங்க... வாங்க..." ரெஹானா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாறைமேல் வயிற்றை அழுத்தி, கன்னத்தைக் கல்லோடு ஒட்டி வைத்து, என் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பாறையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவள் சொன்னபடி ஒடித்தேன். முன் ஆக்சில் ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் விளிம்பைக் கவ்வியது. ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை. பிறகு எலும்புக்கூடு உச்சியில் நாலு காலும் ஊன்றி நின்றது. ஏரிக்கரை ஆட்கள் கத்தினார்கள். வலைக்காரர் இந்த முறை தலையை நிமிர்த்திப் பார்த்தார். "பாஸ் பண்ணிகினு போய்டுச்சே" என்றார். ரெஹானா எழுந்து நின்றாள். முகத்தில் பாதி மணல். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது, அம்மா இருந்திருந்தால் அந்தப் பச்சை வண்டியை விட்டதற்கு என்னைத் திட்டியிருப்பார் என்றாள். ஆமாம், இரண்டு நாள் பேசியிருக்க மாட்டார் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே ஆரம்பித்தாள். முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் கனம் ஏற்ற வேண்டுமாம். அதெல்லாம் வேண்டாம், மேலே இருக்கிற பேட்டரியைக் கீழே இறக்கினால் போதும் என்றேன் நான். கேளம்பாக்கத்தில் ஆரம்பித்த வாதம் மேடவாக்கம் தாண்டியும் ஓயவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு மாதமாகச் சும்மா கிடந்த தொண்டை அக்கா, உங்களோடு சண்டை போட்டே பழகியது. இப்போது நன்றாக வலிக்கிறது.