பதினெட்டு டிகிரி

மார்ச் 3

எட்டாம் நம்பர் சோதனை அறையிலேயே குடியேறிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

உன் கணக்குக்காரி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் நீ "இங்கே எல்லாம் ஓகே" என்கிறாய், நானும் "இங்கேயும் ஓகே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். மற்ற நாளில் உன் கட்டடத்துக்குள் போனையே விடமாட்டார்கள். அதனால்தான் சென்சார்கள் போகிற இந்தப் பெட்டியில், பஞ்சுக்கு அடியில் காகிதத்தைச் செருகுகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், கறை பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

ஆறு வாரம் என்று சொல்லிப் போனாய். ஐந்து மாதம் ஆயிற்று. நான் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற எஞ்சினும், நீ அங்கே நிஜமாக ஓட்டுகிற எஞ்சினும் ஒரே சூட்டைக் காட்டினால்தான் உன்னை அனுப்புவார்களாம். இரண்டு வால்வுக்கு நடுவில் என் கணக்கு 231 என்கிறது. உன் அளவு 249. இந்தப் பதினெட்டு டிகிரி நம் வீட்டில் கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

"குழந்தை பிறந்து திரும்பி வந்ததிலிருந்து கவனம் கொஞ்சம் சிதறுதோம்மா?" என்று மேலாளர் ரொம்ப மெதுவாகக் கேட்டார். சிரித்துவைத்தேன். பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது.

உன் மகளுக்கு ஆறு பல் வந்துவிட்டது. வாயை இன்னமும் திறந்து திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறாள், 'வால்வு' என்று நீ வைத்த பேரும் அப்படியே நிற்கிறது. ஆபீஸ் கீழ்த்தளத்தில் இருக்கிற குழந்தைகள் காப்பகத்தின் ஜன்னல் சரக்கு வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. உன் பெட்டியை ஏற்றி இறக்குகிற வேன்காரரைக் கண்டால் கையை நீட்டி "ப்பா" என்கிறாள். பாவம், அந்த மனுஷன் நெளிகிறார்.

கடைசியாக ஒன்று. ஐந்து மணிக்கு உங்கள் ஆட்களோடு மீட்டிங், காப்பகமோ ஐந்தரைக்குப் பூட்டுகிறது. மூன்று தடவை தாமதமாகப் போய்விட்டேன். நாலாவது தடவை என்றால் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமா படிவம் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி வரை பார்ப்பேன், அப்புறம் கையெழுத்துதான். எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
கணக்குக்காரி

மார்ச் 8

என் கணக்குக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. அதோடு ஒரு சென்சார் உடைந்தும் வந்தது. பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைக்கக் கூடாதா?

இங்கே எஞ்சின் பத்தாதென்று பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பிள்ளைகளையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். உன் மாடலைத்தான் திரையில் போட்டுப் பழக்குகிறேன். எண்ணெயே இல்லாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள், எஞ்சின் இறுகி நின்றதும் கைதட்டுகிறார்கள். "கம்ப்யூட்டர்லயே ஓட்டிட்டா நிஜ எஞ்சின் எதுக்கு சார்?" என்று ஒருத்தன் கேட்கிறான். "நிஜ எஞ்சின்னா கீழே சிந்தின எண்ணெயைத் துடைக்கணும்டா. அதுக்குத்தான் உன்னை எடுத்திருக்காங்க" என்றேன்.

சென்சாருக்குப் புதிதாகத் துளை போட்டு அளக்கச் சொல்லி மேலிடத்தில் நச்சரிப்பு. இருக்கிற துளைக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போல்ட் இடித்தது என்று ரெண்டு மில்லிமீட்டர் நெருப்புப் பக்கமாகத் தள்ளிப் போட்டு, அதிலும் டிரில் பிட் உடைந்து, ஸ்டோர்க்காரரோடு சண்டையாகி, இன்றைக்கும் அவர் என்னோடு பேசுவதில்லை.

உன் கணக்கு தப்பாக இருக்காது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் எப்படியாவது இந்த வித்தியாசத்தை முடிக்கிறேன். வருவேன்.

வால்வுக்கு முத்தம்.

உன்
எட்டாம் அறை

மார்ச் 17

எட்டாம் அறை மகாராஜாவுக்கு,

இன்றைய மீட்டிங்கில் நீ இல்லாதது உன் நல்ல நேரம். மேலாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "எப்படிம்மா இது? போன வாரம் நீங்க 231, அவர் 249. இந்த வாரம் நீங்க 249, அவர் 231! புருஷனும் பொண்டாட்டியும் இடம் மாத்தி உக்காந்துட்டீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

ஒளிக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நெருப்பின் சூடு உலோகத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு என் மாடலில் ஒரு எண் உண்டு. அது ஒன்றாக இருந்தது. உன் அளவோடு ஒட்டும் வரைக்கும் ஏற்றி ஏற்றி 1.3 ஆக்கினேன். ஏன் 1.3 என்று யாராவது கேட்டால் கணக்கில் அதற்குக் காரணம் கிடையாது. நீ வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான் காரணம்.

நான் செய்தது திருட்டு. நீ செய்தது என்ன? எஞ்சின் உனக்காகத் தானே குளிர்ந்துகொண்டதா?

மீட்டிங் ஐந்து இருபத்தேழுக்கு முடிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினேன். காப்பகத்து அக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஒரு நிமிஷத்தில் தப்பித்தேன்.

பதில் எழுது. சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையாக இருக்கட்டும்.

கணக்குக்காரி

மார்ச் 19

என் கணக்குக்காரிக்கு,

பதினெட்டைக் கழித்தேன். 'சென்சார் திருத்தம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் போட்டேன். உன் கணக்குதான் சரி, என் கருவிதான் கோளாறு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். நீ அதே வாரம் என் பக்கம் ஏறி வருவாய் என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்காகப் பலகையில் 'அளந்ததில் கை வைக்காதே' என்று பெரிதாக எழுதிப்போட்டிருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கழித்தேன். நாளைக்கு யாரோ ஒருவர் இந்த எஞ்சினை நம்பி வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவார். அது நேற்றுதான் மண்டையில் ஏறியது.

திருத்தத்தை எடுத்துவிட்டு 249 என்றே அனுப்பிவிட்டேன், செய்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். நீயும் உன் எண்ணை ஒன்றுக்கே இறக்கிவிடு. அப்புறம் ஆசை தீரத் திட்டு.

எட்டாம் அறை

மார்ச் 22

உனக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டுவதற்குச் சாட்சி வேண்டுமே என்று உன் எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன்.

ரெண்டு மில்லி நெருப்புப் பக்கமாகத் தள்ளிப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் மாடலில் அந்தச் சென்சார் வரைபடம் சொன்ன இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. எண்ணை ஒன்றுக்கு இறக்கினேன், சென்சாரை ரெண்டு மில்லி நகர்த்தினேன், வேறு எதையும் தொடவில்லை. 248. மேலாளர் நம்பாமல் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். மூன்று தடவையும் 248. 1.3 கதையை அப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு மில்லியா!" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மாதம்! போல்ட் இடித்ததை அறிக்கையில் எழுதாமல் பெண்டாட்டியிடம் புலம்பலாக எழுதின ஒரே இன்ஜினியர் நீதான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அந்தக் கடிதத்தில் 'வருவேன்' எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைத்ததும் மடித்துவிட்டேன். மற்றதெல்லாம் உன் வழக்கமான மூக்கால் அழுகை என்று தாண்டிவிட்டேன்.

இப்போது நீ ஒரு வேலை செய். என் மூன்றாம் தேதிக் கடிதத்தை எடு. கடைசிப் பத்தியைப் படி. அதற்கப்புறம் நீ இரண்டு கடிதம் எழுதிவிட்டாய், அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தாண்டிவிட்டாய் என்றுதான் நினைக்க விரும்புகிறேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாய் என்றால் அதையும் எழுது. தெரிந்துகொள்கிறேன்.

முப்பதாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது.

நான்

மார்ச் 25

என் கணக்குக்காரிக்கு,

பெட்டிக்குக் காத்திராமல் இதைத் தபாலில் போடுகிறேன்.

கடைசிப் பத்தியை இன்றைக்குத்தான் படித்தேன். அன்றைக்கு, வேன்காரரைப் பார்த்து "ப்பா" என்கிறாள் என்ற வரியோடு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதற்குக் கீழே கண் போகவில்லை. அப்புறம் எடுக்கவே பயமாக இருந்தது. என்னிடம் இருக்கிற சமாதானம் இவ்வளவுதான்.

ரெண்டு மில்லியை அறிக்கையில் என் கைப்பட எழுதிவிட்டேன். பலகையிலும் எழுதிப்போட்டேன், பிள்ளைகள் சிரிக்கட்டும். பாக்கி அறிக்கையை முடிக்க இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்கள், வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடாதே. கிழிக்கவும் வேண்டாம், உட்கார்ந்து பேசுவோம். காப்பகத்தில் மாலை கூட்டிப்போகிறவர் யார் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் முதலில் என் பேரை எழுது.

இருபத்தெட்டாம் தேதி பெட்டிகளோடு வேன் கிளம்புகிறது. ஓட்டுகிறவர் பக்கத்து சீட் காலி என்றார், ஏறிக்கொள்கிறேன். சரக்கு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்குவோம். ஜன்னல் பக்கமாக அவளைத் தூக்கிக் காட்டு. யாரைப் பார்த்து "ப்பா" என்கிறாள் என்று நீயே பார்த்துச் சொல்.

அவரைப் பார்த்துத்தான் என்றால் அப்படியே சொல். திருத்தம் போடாதே.

உன்
எட்டாம் அறை