அம்மா கட்டிப்பிடித்த கல்

பிப்ரவரி 11, 2019, திங்கள்

மணிலாவிலிருந்து ஒரு பஸ் வந்தது. முப்பத்தெட்டு பேர், எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. ஜெபமாலைக் கூட்டமாம். அருவியில் குளித்துவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாதா குகைக்கு ஏறி வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தினேன்.

"உள்ள போய் யாரும் பேசக்கூடாது. போன வருஷம் ஒரு அம்மா விடாம பேசிக்கிட்டே போனாங்க. திரும்பி வரும்போது அவங்க வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தார். சிரிச்சுக்கிட்டே வந்தார்."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்கள். உள்ளே போய் மாதா கல்லைக் காட்டி இன்னும் நாலு பொய். பிறந்த அன்றைக்கு நான் வௌவால் பால் குடித்த கதையையும் விட்டேன்.

கடைசியில் என் கூட்டாளி மெலேசியோ எழுந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"இவன் சொன்னதெல்லாம் பொய்ங்க. ஒண்ணே ஒண்ணு நிஜம். ஜப்பான்காரன் காலத்துல, நாப்பத்தி நாலுல, ஊரே இந்தக் குகைக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. இவங்க அம்மா ரெஸ்திதூதா இந்தக் கல்லைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுதான் இவனைப் பெத்தாங்க. சத்தம் வெளிய கேட்டா எல்லாருக்கும் சாவு. அவங்க ஒரு முனகல் முனகலை. 'இது கல்லு இல்ல, மாதா'ன்னு முதல்ல சொன்னது அவங்கதான். பிரசவம் பார்த்தது எங்கம்மா."

முப்பத்தெட்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள்.

நாற்பது வருஷமாக இதுதான் எங்கள் தொழில். நான் சிரிக்க வைப்பேன், அவன் அழ வைப்பான். உண்மை சொல்வது அவன் பங்கு. எனக்கு அதற்கான முகம் இல்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

சுற்றுலா ஆபீசிலிருந்து ஐவி மேடம் சனிக்கிழமை வருகிறாராம். குகை வாசலில் பெரிய கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். குகையை மாதா குகை ஆக்கியது எந்தக் குடும்பமோ, அந்தப் பெயர் அதில் வரும். அந்த வீட்டில் ஒருவருக்குக் காவல் வேலை, மாதச் சம்பளம். பெரிய வெள்ளி அன்று முதல் மெழுகுவர்த்தியும் அந்த வீடுதான் ஏற்றும்.

முதல் மெழுகுவர்த்தி எப்போதும் எங்கள் வீடுதானே? அது அம்மாவின் பொருத்தனை. அம்மா போன பிறகு ஒரு வருஷம்கூட நான் விட்டதில்லை. டெங்கு வந்தபோதும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். "ஏத்தப் போறியா, எரிக்கப் போறோமா?" என்று கேட்டுக்கொண்டேதான் மெலேசியோ ஒரு முனையைத் தூக்கினான்.

பிப்ரவரி 23, சனி

கோயில் முற்றத்தில் கூட்டம். ஐவி மேடம் சின்னப் பெண், பெரிய நோட்டு. என்னை மனோங், அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிட்டார். "மனோங் பிஸ்தோ, நீங்கதான் இங்க மூத்த வழிகாட்டி. கதையைச் சொல்லுங்க."

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்தால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"அது மாதா இல்ல மேடம், என் மாமியார். பரிசமா ஒரு எருமை கேட்டாங்க. நான் கன்னுக்குட்டியைக் கொண்டு போனேன். கோபத்துல அப்படியே நின்னவங்கதான்."

என் வீட்டுக்காரி அசுந்தாகூடச் சிரித்தாள். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நிஜக் கதை?" என்றார்.

நான் மெலேசியோவைக் காட்டினேன். "நிஜம் அவன்கிட்ட இருக்கு. என் வாயில வந்தா நிஜம்கூடப் பொய்யாயிடும்."

எருமைக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். அவன் மேடத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் கேட்டேன், "ஒழுங்கா சொன்னியா?"

"சொன்னேன்" என்றான். செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே.

மார்ச் 6, புதன்

விபூதிப் புதன். சாமியார் என் நெற்றியில் சாம்பலை அப்பிவிட்டு, "உனக்கு ரெண்டு தடவை பூசணும் பிஸ்தோ" என்றார். "ஒண்ணு போதும் சாமி. அழுக்கு உள்ள இருக்கு" என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

கல்வெட்டு வந்துவிட்டது. கறுப்புக் கல், தங்க எழுத்து. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். படித்திருக்க வேண்டாம்.

"1944ஆம் ஆண்டு, கிராமத்துப் பெண் ஒருத்திக்கு இக்குகையில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி சபினா, இக்கல்லில் மாதாவைக் கண்டார்."

ஒருத்தி. ஒருத்தியாம்!

சபினா மெலேசியோவின் அம்மா. நல்ல மனுஷி, என் தொப்புள்கொடியை அறுத்தவள். அவளே எங்கம்மாவிடம், "வலியில உளர்றே, அது வெறும் கல்லு"ன்னு சொன்னவதான். மெலேசியோவே எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்!

மூணு தரம் படிச்சேன். நாலாவது தரமாவது அம்மா பேர் வந்துடும்னு நினைச்ச மாதிரி.

மார்ச் 16, சனி

கேப்டனிடம் போனேன். ஊர்த் தலைவன், ஆனால் என் மடியில் மூத்திரம் போன பையன்தான்; இன்னும் என்னை லோலோ, அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுவான்.

"கல்வெட்டு தப்பு. எங்கம்மாதான் கண்டது."

"லோலோ, போன மாசம் உங்க மாமியாருன்னீங்க."

"அது வேடிக்கைக்கு."

"கொரியாக்காரங்க வந்தப்ப வௌவால் பால் குடிச்சேன்னீங்க. கன்யாஸ்திரீங்க வந்தப்ப, மாதா ராத்திரில எழுந்து துணி துவைக்குதுன்னீங்க. பாவம், ஒரு சிஸ்டர் சோப்பு வச்சுட்டுப் போனாங்க. இதுல எதை எழுதச் சொல்றீங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம்.

சாட்சி யார்? குகையில் இருந்தவர்கள் எல்லோரும் கல்லறையில். ஞானஸ்நானப் புத்தகம் சண்டையில் கோயிலோடு எரிந்துபோனது. மிச்சம் இருப்பவன் மெலேசியோ ஒருவன்தான். அவனுக்கு அப்போது மூன்று வயது. அவன் அம்மா அவனுக்குச் சொன்னாள், எங்கம்மா எனக்குச் சொன்னாள். அவ்வளவுதான் இந்த உலகத்தில் இருக்கிற சாட்சி.

அசுந்தா கருவாடு வறுத்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது வருஷம் உங்கம்மாவை வச்சு சிரிப்பு வாங்கினே. இப்ப எல்லாரும் சிரிச்சா மட்டும் வலிக்குதோ?"

மார்ச் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேரே மெலேசியோ வீட்டுக்குப் போனேன். கொல்லையில் கொப்பரை காயப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் திருப்பிப் போட்டான்.

"கும்பாரே" என்றேன். அவன் மகள் ஜோனலினுக்கு நான் நினோங், ஞானத்தகப்பன். அன்று முதல் நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவது. "ஒருத்தியா? எங்கம்மா உனக்கு ஒருத்தியா?"

"நீ கோபப்படுவேன்னு தெரியும்."

"பரவாயில்லையே. அதாவது தெரிஞ்சுதே."

கொப்பரையைக் கீழே போட்டான். "ஜோனலின் மறுபடி குவைத்துக்குப் பேப்பர் போட்டுட்டாடா. போன தடவை வீட்டு வேலைக்குப் போன இடத்துல எஜமானியம்மா சூடான இஸ்திரிப் பெட்டியை அவ கையில வச்சா. நீயே பார்த்தே. ரெண்டு புள்ளைங்களை விட்டுட்டு மறுபடி அங்கேயே போறேங்கறா. இங்க வேலை இருந்தா இருப்பேன்னா. நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. என் புள்ளைங்க ரெண்டும் தாவாவோல இருக்கு. அந்தக் காவல் வேலை எனக்கு எதுக்கு? அம்மா பேரைப் போட்டுட்டு, வேலையை என் ஞான மகளுக்குக் குடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

கீழே கிடந்த கொப்பரையைப் பொறுக்கினான். பிறகு சொன்னான்: "கேக்கத்தான் வந்தேன். ரெண்டு தடவை உன் வேலி வரைக்கும் வந்தேன். நீ கிண்டல் பண்ணுவேன்னு பயந்து திரும்பிட்டேன்."

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 18, திங்கள்

கிண்டல் பண்ணியிருப்பேனா? பண்ணியிருப்பேன். அப்புறம் கொடுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரியாதா? எழுபது வருஷத்துக்கு மேலாக — தெரியாதா?

மார்ச் 27, புதன்

வழிகாட்டிகளுக்கு அச்சடித்த அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டுமாம். செபுவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நானே படித்துக் காட்டினேன். "மருத்துவச்சி சபினா..." என் வாயாலேயே. மெலேசியோ தொப்பியைக் கழற்றாமல் மரத்தடியில் நின்றிருந்தான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவும் இல்லை. கல்லோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 8, திங்கள்

அசுந்தா வேலை காட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் சுற்றுலா ஆபீசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். "உன் வாயைத்தான் ஊரு நம்பாது. என் கையெழுத்தை நம்பும்" என்கிறாள். ஐவி மேடம் வெள்ளிக்கிழமை விசாரிக்க வருகிறார். தப்பு என்றால் பெரிய வெள்ளிக்கு முன்னால் கல்வெட்டை மாற்றுவார்களாம்.

ஐந்தாவது வரை படித்தவள் அவள். நான் நாலாவது. அந்த ஒரு வகுப்பின் திமிரை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மன்னித்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

கண்ணாடி முன் நின்று சிரிக்காமல் பேசிப் பழகினேன். "என் அம்மா பெயர் ரெஸ்திதூதா." நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை உதடு ஆடவில்லை. அசுந்தா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். "இதைப் போட்டா பொணம் மாதிரி இருப்பேன்" என்றேன். "அப்பவாவது மரியாதையா படுத்திருப்பே" என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கோயிலுக்குள் ஐவி மேடம், கேப்டன், இருபது முப்பது பேர். மெலேசியோ முன் பெஞ்சில். கேள்வி கேட்கும் முன்னால் மேடம் சொன்னார்: "ஒண்ணு சொல்லிடறேன். கல்வெட்டுல இருக்கிறது பொய்யின்னு தெரிஞ்சா, பொய் சொன்ன வீட்டுக்கு வேலை கிடையாது. ஆபீசோட விதி அது."

அப்போதுதான் ஜோனலினைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தாள். காவல் வேலைக்குக் கொடுத்த புதுப் பச்சைச் சட்டை, நெஞ்சில் பெயர் தைத்தது. வெயிலுக்கு முழுக்கையை மடித்து விட்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே அந்தத் தழும்பு, இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அப்பன் பொய் சொன்னான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தக் கிழவன் இன்றைக்கு என்ன வேடிக்கை காட்டப் போகிறான் என்கிற சிரிப்பு.

"மனோங், நீங்க குகையில பிறந்தவரா? மாதாவைக் கண்டது உங்க அம்மாவா?"

மெலேசியோ தரையைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன். நாற்பது வருஷமாக நான் முடித்ததும் அவன்தானே எழுந்திருப்பான். எழுந்திருக்கவில்லை.

"அது நான் விடற கதை மேடம்" என்றேன். "நான் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தேன். நர்ஸ் என் மூஞ்சியைப் பார்த்துட்டு வேலையை விட்டுட்டாங்க."

கோயிலே சிரித்தது. சாமியார்கூட. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மெலேசியோ. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணில் தண்ணி வர.

அந்தச் சிரிப்பைத்தான்டா என்னால தாங்க முடியலை. கல்வெட்டைக்கூடத் தாங்கிக்கிட்டேன்.

எழுந்து வெளியே போனது அசுந்தா மட்டும்தான்.

அம்மா, சத்தம் போடாம என்னைப் பெத்தே. நான் சத்தமா சொல்லி உன்னை இல்லைன்னுட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

குருத்து ஞாயிறு. அசுந்தா பேசவில்லை. இரண்டு நாளாயிற்று. எனக்கும் குருத்தோலை வாங்கி வந்து, கதவில் செருகிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

விடிந்ததும் மலையேறும் சனத்தின் பாட்டுச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. முதல் மெழுகுவர்த்தியை ஜோனலின் ஏற்றினாளாம். அசுந்தா தேங்காய்ப்பாலில் சர்க்கரைவள்ளியும் ஜவ்வரிசியும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். "ஆறிடும், சாப்பிடு" என்றாள். ஏழு நாளில் அதுதான் முதல் பேச்சு.

மதியம் ஜோனலின் வந்தாள். பச்சைச் சட்டையெல்லாம் மெழுகு.

"நினோங், நீங்க ஏன் வரலை? ரெண்டு தடவை ஏத்தி ரெண்டு தடவையும் அணைஞ்சுடுச்சு. நீங்க பக்கத்துல நின்னு ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"முட்டி வலிம்மா."

"குவைத்துப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டேன் நினோங். அப்பா சொல்லலையா?"

"நல்ல காரியம் பண்ணே" என்றேன். அது நிஜம். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

மெலேசியோ வந்தான். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். புதுத் தென்னங்கள், ஒரு குடுவை நிறைய. நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டேன். காபி வேண்டுமா என்று கேட்டேன். அவன் முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். பேரப் பிள்ளைகளைக் கேட்டேன். கள் நன்றாக இருக்கிறது என்றேன்.

"நாளைக்கு மணிலா பஸ் ரெண்டு வருது கும்பாரே" என்றான். "நீ முன்னாடி போ. நான் வழக்கம்போல பின்னாடி வர்றேன்."

"ஜோனலின் இருக்காளே. நல்லா சொல்றாளாம்."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலையை, அவன் கள்ளை, அவன் ஓட்டைச் செருப்பை நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று.

"என்னை எதாவது சொல்லேன்டா" என்றான்.

மழை வரும்போல் இருக்கிறதே, கொப்பரையை எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்.