அத்தான் டாக்டரிடம் சொல்லாதது

அக்கா, இது இப்படித்தான் முடியும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். நேற்று உன் மகள் தன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில், 1980களில் காஞ்சன்பாக் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் நீ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நாற்பது தாண்டியதுமே உனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், டாக்டருக்கு மட்டும் தெரியாது. வலி உனக்கு, ஃபாக்டரி டிஸ்பென்சரி வரிசையில் நின்றது அத்தான். அங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான். டியூட்டி முடிந்து வரும்போதே பெண்டாட்டியின் வியாதியைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மட்டும் நீ போனாய்.

ரிசல்ட் வாங்க நானும் அத்தானோடு போனேன். ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தது. உடம்புக்குள் எங்கேயோ அழற்சி என்று அர்த்தம். எட்டாவதோடு நிறுத்திய எனக்கே தெரியும்! டாக்டர் கேட்டார்: "வீட்டம்மாவுக்கு மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

அத்தான் தரையைப் பார்த்து, "எல்லாம் நார்மல் சார்" என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"நக்கோ, வேணாம் மாப்பிள, விடு. பின்னாடி நம்ம செக்ஷன் ஆளுங்க நிக்கிறாங்க. பொம்பள விஷயம்."

மாதவிலக்கும் நின்று, அழற்சியும் சேர்ந்தால் எலும்பைக் கரையான் மாதிரி அரித்துவிடும் என்று அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தேன். வரிசையே வாயைப் பிளந்தது. கேட்டில் நின்ற காவல்காரன் சல்யூட் அடித்தான். வீட்டில் நீதான், "டாக்டர் சாப், கைய கழுவிட்டு வந்து சாப்பிடுங்க" என்று சிரித்தாய்.

ஒருதரம் நீயே போயிருக்கக் கூடாதா? வலி மாத்திரையிலேயே வருஷங்களை ஓட்டினாய். கடைசியில் வழுக்கக்கூட இல்லை. அடுப்படியில் சட்டென்று திரும்பினாய், விழுந்தாய், இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை, அப்படியே போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "நீ சொன்னதுதான்டா சரி" என்று நீ சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். நேற்று உன் மகளிடமும் அதையே சொல்லி, "எல்லாத்தையும் உன் வாயாலேயே டாக்டர்கிட்ட சொல்லும்மா" என்றேன். "சரி மாமா, நானே போறேன்" என்றாள்.

நீ அப்படிச் சொல்லவே இல்லை, அக்கா. அது என் கட்டுக்கதை. நீ கேட்டது வேறு: "நானே போயிருந்தாலும், அந்த ஆம்பள டாக்டர் முன்னாடி எனக்கு வாய் வந்திருக்குமாடா?"